ஓலை இல்லாத உத்தரவு

பாண்டியன் நெடுஞ்செழியன் நல்ல பெயரோடு தப்பித்துவிட்டான். தவறு தெரிந்ததும் உயிரை விட்ட அரசன் என்று பள்ளிப் பாடம் முதல் பட்டிமன்றம் வரை அவனுக்குக் கைதட்டல்தான். கோவலனைக் கொல்லச் சொல்லி அவன் உத்தரவு போட்ட லட்சணத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை எடுத்துப் பாருங்கள். ஊடல் கொண்டு, தலைவலி என்று சாக்குச் சொல்லிப் போய்விட்ட தேவியைச் சமாதானம் செய்யப் போகிறான் அரசன். அந்த நேரம் பார்த்துக் காலில் விழுகிறான் பொற்கொல்லன். சாதாரண ஆள் இல்லை. மேலே சட்டை, கையில் கோல், பின்னால் நூறு கொல்லர் என்று வீதியில் நடப்பவன். தேவியின் சிலம்பைத் திருடியவனும் அவனே. கள்வன் தன் குடிலில் இருக்கிறான் என்கிறான். சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று எடுத்து வரச் சொல்கிறான் அரசன். விசாரணை அவ்வளவுதான். சாட்சி இல்லை, ஓலை இல்லை.

எனக்கு உறுத்துவது இந்த ஓலை இல்லாத உத்தரவு. 'மேலிடத்துல சொல்லிட்டாங்க' என்ற ஒற்றை வாக்கியத்தில் இன்றைக்கும் எத்தனையோ காரியம் நடக்கிறது. ஃபைலில் ஒரு வரி இருக்காது. நாளைக்குப் பிரச்சினை வந்தால் சொன்னவர் கைகழுவிவிடுவார், செய்தவர் மாட்டிக்கொள்வார்.

மனைவி கண்ணகியின் சிலம்பை விற்க வந்த கோவலனைப் பார்த்ததுமே காவலர்கள், கொல்லத் தகுந்த ஆளாகத் தெரியவில்லையே என்று தயங்குகிறார்கள். பொற்கொல்லன் சிரித்துக்கொண்டே மந்திரம், மருந்து, நிமித்தம் என்று கள்வரின் வித்தைகளை அடுக்குகிறான். இளம் காவலன் ஒருவன், தன்னிடமிருந்து மாயமாய்த் தப்பிய ஒரு திருடனின் கதையைச் சொல்லிவிட்டு, இவனையும் விட்டால் அரசன் நம்மை வாட்டுவானே, என்ன செய்யலாம் என்று கேட்கிறான். யோசிக்காமல் வாளை வீசியவன் குடிபோதையில் இருந்தவன். தயங்கியவர்கள் திரும்பிப் போய் அரசனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க யாருக்குத் துணிச்சல்?

எல்லாம் ஊழ்வினை என்பார்கள் தமிழறிஞர்கள். காப்பியமும் அப்படித்தான் சொல்கிறது. இருக்கட்டும்.

ஆனால் பின்கதையைப் பட்டிமன்றத்தில் யாரும் எடுப்பதில்லை. பாண்டிய நாட்டில் மழை பொய்த்து நோய் பரவியபோது, கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பத்தினி கண்ணகிக்குச் சாந்தி செய்தான். ஒரே பகலில் 1,000 பொற்கொல்லரைப் பலி கொடுத்தான். திருடியவன் ஒருவன், அவன் செய்த தொழிலைச் செய்ததுதான் மற்றவர்கள் குற்றம். அவர்களையும் யாரும் விசாரித்ததாக ஒரு வரி இல்லை. மழை பெய்தது, நோயும் துன்பமும் நீங்கின என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறது சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை.