நம் பெயரில் பிறர் எழுதும் கணக்கு

வெற்றுப் புரோநோட்டில் கைநாட்டு வைத்துக் கொடுத்து, பின்னர் நிலத்தையும் தறியையும் பறிகொடுத்தவர்களின் கதை நம் அங்கத்தினர்களுக்குப் புதிதன்று. லேவாதேவிக்காரரின் பிடியினின்று மக்களை விடுவிக்கவே 1904-ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அந்த வெற்றுத் தாள் இன்று வேறு உருவில் நம் வீடுகளில் இருக்கின்றது. பான் அட்டை, ஆதார் ஆகியவற்றின் நகலையும், கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணையும் பிறரிடம் ஒப்படைப்பது, எழுதாத தாளில் கையெழுத்திடுவதற்கு ஒப்பாகும்.

"நமக்கு வரியே இல்லையே, நமக்கென்ன பயம்?" என்று நெசவாளரும் உழவரும் கேட்கின்றனர். வஞ்சகர் நாடுவது இத்தகையோரைத்தான். கணக்குத் தாக்கல் செய்யாதவர் தம் பெயரில் நடப்பதை எட்டிப் பார்ப்பதில்லை. கூலித் தொழிலாளியின் பெயரில் எவரோ ஜி.எஸ்.டி. பதிவு பெற்று, கோடிக் கணக்கில் விற்றதாகப் பட்டியல் எழுத, அரசாங்க நோட்டீஸ் தொழிலாளியின் குடிசைக்கு வந்த செய்திகளை நாம் பலமுறை படித்திருக்கிறோம்.

தாக்கல் செய்வோருக்கும் வேறொரு கண்ணி உண்டு. 2025 ஜூலை 14-ஆம் நாள் வருமான வரித் துறையினர் நாடெங்கும் 150 இடங்களில் சோதனை நடத்தினர். தமிழ்நாடும் அதில் அடங்கும். பொய்யான கழிவுகளைக் காட்டி, பிறர் பெயரில் ரீஃபண்டு கோரிய இடைத்தரகர்களைக் குறித்து நடந்த சோதனை அது. மொத்தமாகக் கணக்குத் தாக்கல் செய்வதற்கென்றே அவர்கள் தற்காலிக மின்னஞ்சல் முகவரிகளை உண்டாக்கிப் பின்னர் கைவிட்டுவிட்டனர். துறை அனுப்பிய நோட்டீசுகள் படிப்பாரின்றிக் கிடந்தன. ரீஃபண்டில் பங்கு பெற்ற தரகர் மறைந்துவிடுவார். பதில் சொல்ல வேண்டியவரோ பான் எண்ணுக்கு உரியவர்.

ஆகவே, வருமான வரித் தளத்தில் நம் கைப்பேசி எண்ணும் நம் மின்னஞ்சலுமே பதிவாகியிருத்தல் வேண்டும். பிறர் உதவியை நாடுவதில் தவறில்லை. ஆயினும் அருகில் அமர்ந்து, ஓ.டி.பி. எண்ணை நம் கையாலேயே இடுதல் நலம். அத்தளத்தில் 'ஏ.ஐ.எஸ்.' எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கை ஒன்றுண்டு. நம் பான் எண்ணில் பதிவான வட்டி, விற்பனை, வரிப் பிடித்தம் முதலியன அதில் காணப்படும். நம்முடையதல்லாத இனம் இருப்பின் அங்கேயே மறுப்புத் தெரிவிக்கலாம். பாக்குமரத்துக்குக் கணக்குப் பார்ப்பவர் இதற்கும் ஆண்டில் அரைமணி ஒதுக்கலாம் அல்லவா?

நிற்க. பிறரைக் குறை கூறுமுன் நம் சங்க அலுவலகங்களையும் பார்ப்போம். அங்கத்தினர்களின் ஆதார் நகல்கள் பூட்டற்ற அலமாரியில் அடுக்கப்பட்டிருப்பதை நாம் கண்டதுண்டு. இது நமக்கு அழகன்று. நகல் கொடுப்போரும் அதன் குறுக்கே இன்ன காரியத்துக்கு, இன்ன தேதியில் என்று எழுதிக் கையொப்பமிடுவது நன்று.

ஜி.எஸ்.டி. தளத்தில் பான் எண்ணைக் கொடுத்து, அதன்மீது பெற்ற பதிவுகளை எவரும் தேடிப் பார்க்கலாம். தம் நிலத்தில் விளைந்ததை மட்டும் விற்கும் உழவருக்கு அப்பதிவு தேவையில்லை. எனவே அவர் பெயரில் ஒன்று காணப்படின், தாமதியாது அத்தளத்திலும் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்க வேண்டும். பணமும் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவிக்கவும்.