மலை சொல்லும் பொய்க் கணக்கு

மூணாறு ஏறும் பழைய ஹெரால்டுக்கு கம்ப்ரஷன் குறைகிறது. ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் உயரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பாலக்காட்டிலிருந்து மூணாறுக்குக் கேரளத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டு போகலாம். எல்லையோரத்துக்காரர்களுக்குப் பழகிய பாதை வேறு: கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை என்று தமிழ்நாட்டை ஊடறுத்துக் கொண்டு போய், சின்னாறு காட்டில் மறுபடி கேரளத்துக்குள் நுழைந்து, மறையூர் வழியாக ஏறுவது. புறப்படும் இடம் கடல்மட்டத்திலிருந்து 80 மீட்டரை ஒட்டிய உயரம். போய்ச்சேரும் இடம் ஏறத்தாழ 1,500 மீட்டர். புதிய கார்களுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. அறுபது வயதான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு இது மருத்துவப் பரிசோதனை.

பரிசோதனை முடிவு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வரும். மறையூர் தாண்டியதும் வண்டி சோர்கிறது. மூன்றாவது கியரில் ஏறிய ஏற்றத்துக்கு இரண்டாவது கேட்கிறது. மேலே ஒரு பட்டறையில் நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஓட்டையில் கேஜை வைத்து செல்ஃப் அடிக்கிறார்கள். பாலக்காட்டில் சதுர அங்குலத்துக்கு 150 பவுண்டு காட்டிய சிலிண்டர் இங்கே 125 காட்டுகிறது. “கம்ப்ரஷன் போச்சு, என்ஜினைப் பிரிச்சுட வேண்டியதுதான்” என்று தீர்ப்பு வந்துவிடுகிறது.

பிரித்தால் என்ன ஆகும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஹெரால்டைச் செய்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ், சென்னை பெருங்களத்தூரில் தன் கார் தயாரிப்பை எண்பதுகளின் இறுதியில் நிறுத்திவிட்டது. அந்த என்ஜினின் சிலிண்டர் விட்டம் 63 மில்லிமீட்டர். ஒருமுறை ரீபோர் செய்தால் அது பெரிதாகிறது. பெரிதானது மறுபடி சிறிதாகாது. அதற்குப் பொருந்தும் பெரிய பிஸ்டனைத் தேடி அலைய வேண்டும். இரண்டு மூன்று முறைக்கு மேல் அந்த இரும்பிலும் சுரண்ட எதுவும் மிஞ்சாது. தேவையில்லாத ஒரு ரீபோர் என்பது பழைய காரின் ஆயுளில் ஒரு பங்கை லேத்தில் தூளாக்குவது.

இந்த என்ஜினைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு நிறுவனம் 1953இல் தன் சின்னக் காருக்காகச் செய்த 803 சிசி என்ஜின்தான் இதன் மூதாதை. அது 948 சிசியாக வளர்ந்து ஹெரால்டில் ஏறியது. 1961இல் சென்னையிலும் ஹெரால்டு தயாராகத் தொடங்கியது. அதே குடும்பத்து என்ஜின் 1147 சிசியாக, இரட்டைக் கார்புரேட்டருடன், 1962இல் இரண்டு இருக்கை டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரில் வந்தது. இரண்டு கார்களின் உடலையும் வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. ஸ்பிட்ஃபயரின் அடிச்சட்டமே ஹெரால்டின் சட்டத்திலிருந்து பிறந்ததுதான். ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வழியில்லாத ஒரு தலைமுறை இந்தியர்களுக்கு அதன் உடன்பிறப்பாவது கிடைத்தது. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் அதைப் பந்தயமும் ஓட்டினார்கள். பானெட்டை முன்பக்கமாக முழுதாகக் கவிழ்த்துவிட்டு, முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்பதால் மெக்கானிக்குகளுக்கும் அதன்மேல் தனிப் பிரியம்.

இனி அந்த 125க்கு வருவோம்.

பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டருக்குள் வருவது வெளியே இருக்கும் காற்று. மேலே ஏறும்போது அதைத்தான் அது நெருக்குகிறது. மலை மேலே காற்றே மெலிந்திருக்கிறது. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைப்போல நூற்றுக்கு 83 பங்குதான். உள்ளே போவது குறைந்தால் நெருக்கி வருவதும் அதே விகிதத்தில் குறையும். 150இல் நூற்றுக்கு 83 பங்கு எவ்வளவு? 125. கேஜ் சரியாகத்தான் காட்டியது. என்ஜினில் ஒரு குறையும் இல்லை.

மனக்கணக்குக்கு ஒரு வழி: 300 மீட்டர் ஏறினால் நூற்றுக்கு மூன்றரை கழியும். ஏறத்தாழ 1,000 மீட்டரில் இருக்கும் மறையூரில் அந்த 150, 133 ஆகியிருக்கும். வண்டி சோர்வதற்கும் காரணம் இதுதான். ஹெரால்டின் சக்தியே முப்பத்தைந்து குதிரையை ஒட்டித்தான். அதில் ஆறு குதிரைகள் மூணாறு வரை வருவதில்லை.

எல்லையோரப் பட்டறைகளில் தமிழும் மலையாளமும் ஒரே கருவிப்பெட்டியில் கிடக்கின்றன. பாடநூல் தமிழ் கம்ப்ரஷனை ‘அமுக்கம்’ என்கிறது. பட்டறையில் அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தமிழில் வண்டி ‘இழுக்கலை’. மலையாளத்தில் ‘வலிவில்லா’. வலிவு என்றால் நமக்கு உறுதி, அவர்களுக்கு இழுப்பு. மூச்சு வாங்கும் ஆஸ்துமாவுக்கும் மலையாளத்தில் வலிவு என்றே பெயர். மலையேறும் ஹெரால்டைப் பற்றி இதைவிடப் பொருத்தமான சொல்லை மொழிபெயர்ப்பாளர் யாரும் கண்டுபிடிக்க முடியாது.

எல்லாப் பழியையும் மலை மேல் போட்டுவிட முடியுமா? முடியாது. உயரம் நான்கு சிலிண்டரையும் ஒரே அளவில்தான் குறைக்கும். அதனால் எண்ணைப் பார்ப்பதைவிட எண்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். 125, 122, 126, 124 என்று வந்தால் பிளக்குகளை மாட்டிவிட்டு ஒரு டீ குடிக்கலாம். 125, 124, 90, 126 என்று வந்தால் மூன்றாவது சிலிண்டரில் நோய் இருக்கிறது. மூணாறானாலும் பாலக்காடானாலும் அது நோய்தான். மிக உயர்ந்ததற்கும் மிகத் தாழ்ந்ததற்கும் இடையே நூற்றுக்குப் பத்து பதினைந்துக்கு மேல் போனால் கவலைப்பட வேண்டும்.

சோதனையைச் செய்யும் விதத்திலேயே பாதி தவறுகள் நடக்கின்றன. என்ஜின் சூடாக இருக்க வேண்டும். நான்கு பிளக்கும் கழன்றிருக்க வேண்டும். காயிலுக்குப் போகும் ஒயரைப் பிடுங்கிவிட வேண்டும். ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதித்துப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். மிதிக்காவிட்டால் கார்புரேட்டரின் கதவு மூடியே இருக்கும், காற்று உள்ளே வராது, நல்ல என்ஜினும் சவலையாகத் தெரியும். பேட்டரி தளர்ந்திருந்தாலும் இதே கதைதான். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு அடி சுற்றவிட வேண்டும். முதல் அடியில் முள் எங்கே நின்றது, கடைசியில் எங்கே நின்றது என்று இரண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும். முதலில் தாழ்ந்து பிறகு மெல்ல ஏறினால் ரிங்குகள் மேல் சந்தேகம். முதலிலும் தாழ்வு, கடைசியிலும் தாழ்வு என்றால் வால்வு.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரு கரண்டி என்ஜின் ஆயில் போதும். தாழ்ந்த சிலிண்டரில் பிளக் ஓட்டை வழியாக விட்டு மறுபடி அளக்க வேண்டும். எண் துள்ளி ஏறினால், ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடைவெளியை ஆயில் அடைத்திருக்கிறது. தேய்ந்தது ரிங்கோ போரோதான். அசையவே இல்லை என்றால் ஓட்டை மேலே, வால்வில். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டு சேர்ந்து தாழ்ந்திருந்தால் நடுவில் ஹெட் கேஸ்கட் எரிந்திருக்கக்கூடும்.

இதைவிட நம்பகமான சோதனைக்கு பஞ்சர் கடை கம்ப்ரஸர் வேண்டும். அளக்கும் சிலிண்டரின் பிஸ்டனை, இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும் நெருக்கு அடியின் உச்சியில் நிறுத்தி, கியர் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்துவிட்டு, பிளக் ஓட்டை வழியாகக் காற்றை விட வேண்டும். காற்றின் வேகத்தில் என்ஜின் திரும்பக்கூடும் என்பதால் ஃபேன் பக்கம் கையை வைக்கக் கூடாது. பிறகு காதுதான் கருவி. கார்புரேட்டரில் சீறினால் இன்லெட் வால்வு. சைலன்ஸரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் சத்தமாகக் கேட்கிறதா, ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கட். காற்று கம்ப்ரஸரிலிருந்து வருவதால் மலையின் உயரம் இங்கே குழப்புவதில்லை. ஜீப் டீசல்களோடு பழகிய இடுக்கிக் காதுகளுக்கு இது கைவந்த கலை. அந்தப் பட்டறைகளில் சிக்கல் கேஜில்தான்: முன்னூறைத் தாண்டிக் காட்டும் டீசல் என்ஜின்களைப் பார்த்தே பழகிய கண்ணுக்கு 125 என்பது சாவுச் செய்தியாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை.

உண்மையிலேயே நோய் இருக்கும் ஹெரால்டுகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது எக்ஸாஸ்ட் வால்வை. இந்தியா முழுவதும் 2000ஆம் ஆண்டு பிப்ரவரியிலிருந்து ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுபோனது. ஊர்க்காற்றுக்கு அது பெரிய நன்மை. ஆனால் அந்த ஈயம் வார்ப்பிரும்பு ஹெட்டில் வால்வு உட்காரும் இடத்துக்கு மெத்தையாகவும் இருந்தது. மெத்தை போனபின், முழு மிதியில் நெடுநேரம் மலையேறும் வண்டிகளில் வால்வு தன் சீட்டைக் கொத்திக் கொத்தி உள்ளே இறங்குகிறது. இறங்க இறங்க டாப்பெட் இடைவெளி சுருங்குகிறது. ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்து அதில் பத்துப் பங்கு இருக்க வேண்டிய இடைவெளி, ஒருநாள் இல்லாமலே போகிறது. அன்றைக்கு வால்வு முழுதாக மூடாது. கம்ப்ரஷன் கசியும், வால்வும் கருகும்.

இதில் ஏமாற்று என்னவென்றால், டாப்பெட் கடகடவென்று சத்தம் போட்டால் எல்லோரும் கவனிக்கிறார்கள். சத்தம் அடங்கினால் வண்டி நன்றாக ஓடுகிறது என்று மகிழ்கிறார்கள். கேஜை எடுப்பதற்கு முன்பே ஃபீலர் தகட்டை எடுத்து எட்டு டாப்பெட்டுகளையும் பார்த்துவிட்டால் பாதி மர்மம் விலகிவிடும். சீட் தேய்ந்திருந்தால் கடினமான உலோக வளையத்தை ஹெட்டில் கடைந்து பொருத்தலாம். கோவையில் அந்த வேலைக்கு லேத்துகளுக்குப் பஞ்சமில்லை. ஹெட் மட்டும் கழன்றால் போதும், போரைத் தொட வேண்டியதில்லை.

பெட்ரோலும் சில கோலங்கள் காட்டும். மலையில் காற்று குறைய, கார்புரேட்டர் பழைய அளவிலேயே பெட்ரோல் விட்டுக்கொண்டிருக்கும். பிளக் கறுக்கும். அளவு மிஞ்சினால் சிலிண்டர் சுவரின் ஆயிலைப் பெட்ரோல் கழுவிவிட்டு கேஜில் இல்லாத நோயைக் காட்டும். 2025இல் நாடெங்கும் பரவிவிட்ட 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இதற்கு எதிர்த்திசையில் இழுக்கிறது: அதற்குக் காற்று கொஞ்சமாகவே தேவை. மூணாறு உயரத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்கின்றன என்பது வேடிக்கை. பாலக்காட்டுக்கு இறங்கியதும் கலவை மெலிந்து என்ஜின் சூடேறும். பழைய ரப்பர் குழாய்களை எத்தனால் அரிப்பது தனிக் கதை.

நல்ல எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. பிஸ்டன் தலையில் கரி கட்டியிருந்தால் இடம் குறுகி, தேய்ந்த என்ஜின்கூடக் கம்பீரமாக 150 காட்டும்.

ஹெரால்டு வைத்திருப்பவர்கள் மலையேறும் முன் அடிவாரத்தில் ஒருமுறை அளந்து, நான்கு எண்களையும் ஊர்ப் பெயரோடு நோட்டில் எழுதி வைப்பது நல்லது. மேலே போய்த் தீர்ப்பு எதுவானாலும், எண்கள் ஒரே மட்டத்தில் இருந்து, ஆயிலும் தண்ணீரும் குறையாமல் இருந்தால், ஹெட் நட்டில் ஸ்பேனர் வைக்க விடாமல் வண்டியைப் பகலிலேயே இறக்கிவிடலாம். சின்னாறு யானைக் காடு, நடுவில் நிறுத்தி பானெட்டைத் திறக்கும் இடமல்ல. உடுமலைப்பேட்டையில் என்ஜின் சூடாக இருக்கும்போதே அதே கேஜால் மறுபடி அளக்க வேண்டும். நான்கும் சேர்ந்து ஏறியிருந்தால் நேராக வீட்டுக்குப் போகலாம். ஒன்று மட்டும் பின்தங்கி நின்றால் பொள்ளாச்சியில் பாலக்காட்டுப் பக்கம் திரும்பாமல் கோவைக்கு விட வேண்டியதுதான்.