வெயிலுக்குக் குடை பிடிக்கும் பனிப்பாசி

1818-ல் வடமேற்குக் கடல்வழியைத் தேடிப் புறப்பட்ட பிரிட்டிஷ் மாலுமி ஜான் ராஸ், கிரீன்லாந்தின் வடமேற்குக் கரையில் பாறைச் சரிவுகளில் கிடந்த பனி சிவந்திருப்பதைப் பார்த்தார். படகில் ஆள் அனுப்பி அள்ளிவரச் சொன்னார். விண்கல்லில் இருந்து வந்த இரும்பாக இருக்கலாம் என்று முதலில் சிலர் நினைத்தார்கள். தாவரவியலாளர் ராபர்ட் பிரௌன்தான் அது பாசியாக இருக்கலாம் என்று சொன்னார். அவர் சொன்னதே சரி. பாசி என்றால் பச்சை என்றுதானே நமக்குப் பழக்கம்? குளத்துப் படிக்கட்டில் பச்சையாக வழுக்குகிற இனத்தின் உறவுக்காரன் பனியில் ஏன் சிவக்க வேண்டும்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே போனால், குளிர்ப்பாசிகளுக்குப் பெரிய தொல்லை குளிர் மட்டுமல்ல, குளிரோடு சேர்ந்து வரும் வெளிச்சம் என்பது புரியும்.

ஒளிச்சேர்க்கையில் இரண்டு வேலைகள் உண்டு. ஒளியைப் பிடிப்பது முதல் வேலை. பச்சையம் எந்தக் குளிரிலும் ஏறக்குறைய அதே வேகத்தில் அதைச் செய்துவிடும். பிடித்த ஆற்றலைக் கொண்டு சர்க்கரை சமைப்பது இரண்டாவது. அது நொதிகளின் வேலை, குளிரக் குளிர மந்தமாகும். சந்தையில் லாரி லாரியாகக் காய் வந்து இறங்க, எடை போட ஒரே ஒரு ஆள் இருந்தால் என்ன ஆகும்? இறங்கியது அழுகும். செல்லுக்குள்ளும் அப்படித்தான்: செலவாகாத ஆற்றல் ஆக்சிஜனோடு சேர்ந்து, கண்ட இடத்தையும் அரிக்கும் மூலக்கூறுகளை உண்டாக்குகிறது. புதுப்பனியோ தன்மேல் விழும் வெளிச்சத்தில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் திருப்பி அடிப்பது. மேலிருந்து ஒரு வெயில், கீழிருந்து இன்னொரு வெயில்.

சிவப்பு அங்கே வருகிறது. பனி உருகத் தொடங்கும்போது பச்சையாக, இரண்டு கசைகளை அடித்து உருகுநீரில் நீந்தும் செல், சத்து குறைந்து வெயில் ஏறியதும் தடித்த சுவருடைய உருண்டையாக மாறுகிறது. உள்ளே எண்ணெய்த் துளிகளில் அஸ்டாசாந்தின் என்ற சிவப்பு நிறமி நிறைகிறது. அந்தத் துளிகள் பசுங்கணிகத்தைச் சூழ்ந்து நின்று மிகை ஒளியை முன்கூட்டியே விழுங்கிவிடும். இதை மறுப்பவர்கள் சொல்லும் காரணமும் லேசானதல்ல: அடர்நிறம் வெயிலை உறிஞ்சிப் பக்கத்துப் பனியை உருக்கும், பாசிக்கு வேண்டிய நீர் கிடைக்கும், ஆகவே அந்நிறம் குடை அல்ல, அடுப்பு. அடுப்பாகவும் பயன்படுகிறது என்பது உண்மை. ஆர்க்டிக் பனிப்பரப்பின் எதிரொளிப்பைப் பனிப்பாசி ஓர் உருகுபருவத்தில் சுமார் 13 சதவீதம் குறைக்கலாம் என்று 2016-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆனால், ஹெமட்டோகாக்கஸ் என்ற பாசி மழைநீர்க் குட்டைகளிலும் பறவைகளுக்கு வைத்த தண்ணீர்த் தட்டுகளிலும் வளர்வது. வெயில் சுட்டு, சத்து தீர்ந்தால் அதுவும் இதே நிறமியால் சிவக்கிறது. அந்தத் தட்டில் உருக்கப் பனி ஏது? ஆகவே குடைதான் பழைய தொழில். அடுப்பு பின்னால் சேர்ந்த வரும்படி என்பது என் முடிவு.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. அண்டார்டிகாவின் போனி ஏரி ஆண்டு முழுவதும் சில மீட்டர் கனமான பனிமூடிக்குக் கீழே கிடக்கிறது. குளிர்காலத்தில் மாதக்கணக்கில் இருட்டு. அங்கேயும் கிளமிடோமோனாஸ் இனப் பாசி ஒன்று வாழ்கிறது. வெளிச்சமே அரிதான இடத்தில் வெளிச்சத் தொல்லை எப்படி வரும்? ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலில் ஒப்புக்கொள்வோம்: குளிருக்கென்றே அமைந்த மாற்றங்கள் அதனிடம் இருக்கின்றன. மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைகிறது, நல்லெண்ணெய் உறைவதில்லை. முன்னதில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம், பின்னதில் குறைவு. குளிர்ப்பாசியின் செல் சவ்வு நல்லெண்ணெய்க் கட்சி. அதனால் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்திலும் இறுகாமல் நெகிழ்கிறது. அதற்கு விலையும் உண்டு: நமக்கு இதமான 24 டிகிரியில் இந்தப் பாசி செத்துப்போகும். ஆனாலும் அதன் ஒளிச்சேர்க்கை அமைப்பைப் பிரித்துப் பார்த்தவர்கள், மற்றப் பாசிகளைப்போல் ஒளியைப் பிடிக்கும் இரு தொகுதிகளுக்கிடையே ஆற்றலை அப்படியும் இப்படியும் மாற்றிக்கொள்ளும் திறமை அதற்கு இல்லை என்று கண்டார்கள். பதிலுக்கு எலக்ட்ரான்களை ஒரே வட்டத்தில் சுழலவிட்டு ஆற்றல் சேர்க்கும் வழி அதற்குப் பலமாக இருக்கிறது. வெளிச்சம் கொஞ்சமானாலும் செலவு அதைவிட மந்தமாக இருந்தால் கணக்கு இடிக்கத்தான் செய்யும். அந்தப் பாசி கணக்கெழுதும் முறையையே மாற்றிக்கொண்டிருக்கிறது.

கடற்பனியில் வாழும் டயாட்டம் என்ற பாசிகளின் கதை தனி. கடல்நீர் உறையும்போது உப்பு பனிக்குள் சேராது; நுண்ணிய கால்வாய்களில் உப்புநீராக ஒதுங்கும். மைனஸ் 10 டிகிரியில் அந்த நீர் கடலைப்போல் நான்கு மடங்கு கரிக்கும். அதற்குள் வாழும் பாசி, பனியைப் பற்றும் புரதங்களை வெளியே கசியவிடுகிறது. பல நாள் ஃப்ரீசரில் கிடந்த ஐஸ்கிரீம் நறநறவென்று ஆவது, சின்னப் படிகங்கள் ஒன்றுகூடிப் பெரிதாவதால்தான். இந்தப் புரதங்கள் அந்தக் கூட்டு சேர்வதைத் தடுக்கின்றன. பனியுடைப்புக் கப்பல் போகிற வழியில் புரண்டு விழும் பாளங்களின் அடிப்பக்கம் டிக்காஷன் நிறத்தில் இருக்கும், அவ்வளவும் இந்த டயாட்டம்கள்தான். கோடை வந்து பாளம் உருகியதும், மங்கலில் வளர்ந்த இதே செல்கள் சில நாட்களுக்குள் திறந்த கடலின் வெயிலில் வந்து விழுகின்றன. அப்போது டயாடினோசாந்தின் என்ற நிறமியை டயாட்டோசாந்தினாக மாற்றி, பிடித்த ஒளியில் ஒரு பங்கை வெப்பமாகவே வெளியே கொட்டிவிடுகின்றன.