மரத்தடியில் கோரை

“களை பிடுங்காப் பயிர் கால் பயிர்” என்பது பழமொழி. வயலில் களையை வெட்டி எடுக்கிறோம். மரத்தடியிலும் அப்படி வெட்டலாமா?

மும்பையில் வடாலாவுக்கு அருகே தாதர் பார்சி காலனி இருக்கிறது. 1920களில் மஞ்சர்ஜி ஜோஷி என்ற பொறியாளர் அதைத் திட்டமிட்டார். தெரு ஓரங்களில் மரங்களை நடச் செய்தார். அங்கே ஐந்து பூங்காக்கள் உண்டு. மக்கள் அந்த இடத்தை ‘ஃபைவ் கார்டன்ஸ்’ என்று அழைக்கிறார்கள். அங்கு இன்றும் நல்ல நிழல் இருக்கிறது. அப்படி ஒரு மரம் வளரப் பல ஆண்டுகள் ஆகும். அதைக் கெடுக்க ஒரு நாள் போதும்.

மும்பையில் ஜூன் மாதம் மழை தொடங்கும். உடனே மரத்தடியில் கோரையும் அருகம்புல்லும் முளைக்கும். பிடுங்கினாலும் மறுபடி வரும்.

காரணம் என்ன? கோரைக்கு மண்ணுக்குள் கிழங்கு உண்டு. கிழங்குகள் சங்கிலி போலத் தொடர்ந்து இருக்கும். இலையை மட்டும் பறித்தால் கிழங்கு மீண்டும் முளைக்கும். அருகம்புல்லை வெட்டினால், கணு உள்ள துண்டுகள் தனித்தனியாக வேர் விடும்.

சலிப்படைந்த சிலர் கடப்பாரையால் ஆழமாகத் தோண்டுவார்கள். இது தவறு. மரத்துக்கு நீரும் சத்தும் தரும் சல்லி வேர்கள் பெரும்பாலும் மேல் ஒரு அடி மண்ணில்தான் இருக்கின்றன. தடித்த வேர்களை வெட்டினால் மரத்தின் பிடிமானம் குறையும். மழைக் காற்றில் மரம் சாயலாம். கீழே நிற்பவரின் உயிர் போகலாம்.

களைக்கொல்லியும் ஆபத்தானது. கிளைபோசேட் மருந்து மரத்தின் இலையிலோ பச்சைப் பட்டையிலோ பட்டால் மரத்தையும் தாக்கும். பூச்சி ஒழிப்புத் தொழில் செய்வோர் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2022இல் மத்திய அரசு உத்தரவிட்டது.

பிறகு என்ன செய்வது?

1. மழை பெய்து மண் இளகியதும் களை எடுங்கள். சிறிய களைக்கொத்தால் மெல்லக் கிளறுங்கள். கோரையைக் கிழங்கோடு எடுங்கள். வேர் தட்டுப்பட்டால் நிறுத்துங்கள்.

2. ஆழத்தில் உள்ள கிழங்கை விட்டுவிடுங்கள். அது முளைக்கும்போது, ஐந்து இலை வருமுன் பிடுங்குங்கள். ஒவ்வொரு முறையும் கிழங்கில் உள்ள உணவு குறையும். கடைசியில் அது செத்துப்போகும்.

3. காய்ந்த சருகை நான்கு விரல் உயரம் பரப்புங்கள். அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் இடம் விடுங்கள். அடிமரத்தை ஒட்டிச் சருகு கிடந்தால் பட்டை அழுகும். சருகைத் துளைத்துக் கோரை வரலாம். ஆனால் அதைப் பிடுங்குவது எளிது.

4. எடுத்த கிழங்கை எருக்குழியில் போடாதீர்கள். வெயிலில் நன்றாகக் காய வையுங்கள்.

கோரை முழுவதும் போக ஓரிரு ஆண்டு ஆகலாம். அதற்குள் மரம் கெட்டுவிடுமோ என்று பயப்பட வேண்டாம். இளங்கன்றின் நீரைக் கோரை பறித்துக்கொள்ளும். அங்கே முதலில் களை எடுங்கள். வளர்ந்த மரத்துக்குக் கோரையால் பெரிய கேடு இல்லை. கடப்பாரையால்தான் கேடு.