நீச்சல் கற்றுத்தருபவர் யார்? பெற்றோர் கேட்கத் தயங்க வேண்டாம்

வட்டார நீச்சல் சங்கங்களில் வார இறுதியில் பிள்ளைகளுக்குக் கற்றுத்தருவோர் பலர், சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். முன்னாள் வீரர்கள், உடற்கல்வி ஆசிரியர்கள், உயிர்காப்பாளர்கள், பிள்ளையை அழைத்து வந்து கரையில் காத்திருந்து பிறகு தாங்களே உதவ முன்வந்த பெற்றோர் எனப் பல தரப்பினர் அவர்களில் உண்டு.

ஒவ்வொரு பின்னணிக்கும் ஒரு பலமும் ஒரு குறையும் இருக்கும். பதக்கம் வென்றவருக்கு நீச்சல் நுணுக்கம் தெரியும். தண்ணீரைக் கண்டு அழும் 6 வயதுப் பிள்ளையைத் தேற்றத் தெரியாமல் போகலாம். ஆசிரியருக்கு அந்தப் பொறுமை உண்டு. மூழ்குபவரை மீட்கும் பயிற்சி இல்லாமல் இருக்கலாம்.

எனவே, அனுபவத்தோடு சான்றிதழையும் பார்க்க வேண்டும். மலேசியாவில் எஸ்பிகேகே எனப்படும் தேசியப் பயிற்றுநர் சான்றிதழ்த் திட்டம் 3 நிலைகளைக் கொண்டது. அதில் விளையாட்டு அறிவியலும் அந்தந்த விளையாட்டுக்கான பாடமும் தனித்தனியே உண்டு. முதலுதவி, சிபிஆர் பயிற்சி பெற்றவரா என்றும் கேட்க வேண்டும்.

நன்னடத்தையும் முக்கியம். 2017ஆம் ஆண்டின் சிறார் பாலியல் குற்றச் சட்டம், பயிற்றுநரை நம்பிக்கைக்குரிய உறவில் இருப்பவராகக் கருதுகிறது. அவர் குற்றம் புரிந்தால் வழக்கமான தண்டனையோடு மேலும் 5 ஆண்டுகள் வரை சிறை விதிக்கப்படலாம். சிறாருக்கு எதிராகக் குற்றம் புரிந்தோரின் பதிவேடு சமூகநல இலாகாவிடம் உள்ளது. தன்னார்வலரைச் சேர்க்குமுன் அதில் சரிபார்த்தார்களா எனச் சங்கச் செயலாளரிடம் விசாரிக்கலாம்.

இலவசமாகச் சொல்லித் தருபவரிடம் எப்படிக் கேட்பது என்ற கூச்சம் நம்மவரிடையே உண்டு. பிள்ளையைத் தண்ணீரில் இறக்குமுன் கேட்பதே முறை. நல்ல பயிற்றுநர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.