தங்கச்சிக்கு நெட்வொர்க் செக்யூரிட்டி படிப்பு: கடன் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

அப்பாவுக்கு நன்னிலத்துல நெல் விவசாயம், உங்களுக்குச் சென்னையில மாசச் சம்பளம். பிளஸ் டூ முடிச்ச தங்கச்சி நெட்வொர்க் செக்யூரிட்டிக்குப் போகணும்ங்கிறா. "நான் லோன் எடுக்கிறேன்"னு உடனே சொல்லிடாதீங்க.

5 லட்சம் கடன், 10% வட்டி, 7 வருஷம்னா இஎம்ஐ சுமார் 8,300 ரூபாய். வட்டியே கிட்டத்தட்ட 2 லட்சம்.

வரியில கழிச்சுக்கலாம்னு நினைக்கிறீங்களா? வருமான வரிச் சட்டத்துல தங்கச்சி படிப்புக்கு நீங்க எடுத்த கடனுக்குச் சலுகை கிடையாது (நீங்க சட்டப்படி கார்டியனா இருந்தால் தவிர). புதிய வரி முறையில யாருக்குமே கிடையாது. கடன் தவிர்க்க முடியாதுன்னா அவ பேர்லயே எடுங்க. வேலைக்குப் போய் அவளே கட்டும்போது, பழைய முறையில வட்டியைக் கழிச்சுக்கலாம்.

இன்னொரு வழி: திருவாரூர் திரு.வி.க. அரசு கலைக் கல்லூரி மாதிரி பக்கத்துல இருக்கிற அரசுக் கல்லூரியில பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். அவ 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில படிச்சிருந்தா, புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய்; 3 வருஷத்துல 36,000. சிஸ்கோவோட சிசிஎன்ஏ தேர்வுக் கட்டணம் 300 டாலர், அதுலயே அடங்கிடும். பயிற்சிக்கு பாக்கெட் டிரேசர் இலவசம்.

சில கம்பெனிகள் இன்ஜினியரிங்தான் கேட்கும், உண்மைதான். ஆனா டிகிரி வாசல் வரைக்கும்தான். உள்ளே கேட்கிறது ரவுட்டிங், ஃபயர்வால், லினக்ஸ். அதுக்குக் கடன் தேவையில்ல.