முதுமையுற்ற நாயும் புதிய இல்லமும்

பதுளை, பசறை, அப்புத்தளைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில், லயத்தில் வாழ்ந்த குடும்பமொன்று கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ பெயர்ந்து செல்லும்போது பாயும் பாத்திரமும் பெட்டியும் லொறியில் ஏறிவிடும்; கிழநாய் மட்டும் பூட்டிய கதவின் முன் நிற்கும். குட்டியைக் கேட்டு வாங்குவோர் பலர். பத்து வயதைக் கடந்த, இன்ன இனமென்று கூறவியலாத கலப்பு நாயை இல்லத்திற்கு அழைப்போர் மிகச் சிலரே. உடலில் தைத்த வேலோடும் வால் குழைக்கும் விலங்கு என நாலடியார் போற்றிய நாய்க்கு இந்நிலை!

இவ்வாறு அழைக்க எண்ணுவோரை முதலில் தடுப்பது நீர்வெறுப்பு நோய் பற்றிய அச்சம். அது வீணான அச்சமன்று. 1973இல் இந்நோயால் இலங்கையில் 377 பேர் மாண்டனர். அண்மைக் காலத்தில் அத்தொகை ஆண்டுக்குச் சில பத்துப் பேராகக் குறைந்ததற்கு நாய்களுக்கிட்ட தடுப்பூசியும், கடியுண்டோர் பெற்ற சிகிச்சையுமே பெருங்காரணங்கள். 1893ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் உடையவரற்ற நாய்களைக் கொல்ல இடமளித்தது. 2006இல் அரசு கொல்லும் வழக்கத்தைக் கைவிட்டு, தடுப்பூசியையும் கருத்தடையையும் வழியாகக் கொண்டது. நாய் சாதுவானது, வயதானது என்பதனால் ஊசி வேண்டாமென்று இருத்தல் தகாது. தடுப்பூசி போடும் நாளையும் இடத்தையும் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் விசாரித்தறியலாம். எந்த நாய் கடித்தாலும் புண்ணைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் அப்புவது பெருந்தீங்கு.

முதிய நாயின் கண்ணில் நீலம் பாய்ந்த மங்கலைக் கண்டு, குருடென்று ஒதுக்கிவிடுவோர் உளர். பெரும்பாலும் அது வில்லையின் முதுமை மாற்றமே; பார்வை பெரிதும் குன்றுவதில்லை. பால்போல் வெளுத்த கண்புரை வேறு. அளவின்றி நீர் குடித்து மெலியும் நாயைக் காலந்தாழ்த்தாது மிருக வைத்தியரிடம் காட்டுக, சிறுநீரகம் பழுதுற்றிருக்கலாம். நீரிழிவும் நாய்க்கு வருவதுண்டு.

மலைக்குளிர் மூட்டுகளை இறுகச் செய்யும். சீமெந்துத் தரையில் படுக்கவிடாது, பலகைமேல் சாக்கு விரித்தல் நன்று. சோற்றைக் குழைத்து, ஒரே வேளையாக அன்றி இரு வேளையாக இடலாம். வெங்காயம் சேர்ந்த கறி ஆகாது. அது நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். வெந்த கோழியெலும்பு பிளந்து குடலைக் குத்தும். இரவில் வெளியே கட்டிவைப்பதும் தவறு. மலைத்தோட்டங்களில் மக்கள் புலியென்று அழைக்கும் சிறுத்தை நாயைத் தேடி லயம்வரை வருவதுண்டு. கட்டுண்ட கிழநாய் எங்கே ஓடும்?

முதல் நாட்களில் அது உண்ணாமலும், மூலையில் ஒடுங்கியும் இருக்கும். குழந்தைகள் சூழ்ந்து தடவ விடாது, அதுவே அணுகி முகரும்வரை பொறுத்திருக்க வேண்டும். சில வாரங்கள் கயிற்றிற் பிடித்தே வெளியே கொண்டுசெல்லுதல் அவசியம். அவிழ்ந்தால் அது பழைய லயத்திற்கே சென்று, பூட்டிய கதவருகே படுத்துவிடும். அங்கே சென்று அதனை அதட்டாது அழைத்துவர வேண்டும். அங்கு வைத்துச் சோறிடலாகாது, புதிய வீட்டு வாசலில்தான் இட வேண்டும். இவ்வாறு நாலைந்து முறையும் நேரக்கூடும்.